உங்களுக்குத் தெரியுமா? – அகச்சிவப்புத் துடிப்பில் உடையும் மூலக்கூறுகள்

உறைபனியும் லேசரும்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தா பக்கம் விடிகாலையில் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும். அதற்குக் காரணம், இரவெல்லாம் தரையிலிருந்து வெளியேறிப் போன அகச்சிவப்புக் கதிர். பகலில் வாங்கிய வெயிலை மண்ணும் புல்லும் தேயிலைச் செடியும் இரவில் அகச்சிவப்பாக வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களைக் காற்று பெரிதாகத் தடுப்பதில்லை; மேகமும் இல்லாத இரவு என்றால் வெப்பம் தடையின்றிப் போய்விடும். காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கொழுந்து கருகுவதும் இப்படித்தான்.

10 டிகிரியில் இருக்கும் தரை எந்த அலைநீளத்தில் அதிகம் உமிழ்கிறது தெரியுமா? ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர். வாயு மூலக்கூறுகளை உடைக்க உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். இரண்டும் ஒரே கதிர்தான். வேறுபாடு அடர்த்தியில் இருக்கிறது. 10 டிகிரித் தரையில் ஒரு சதுர மீட்டர் சுமார் 360 வாட் உமிழும். லேசரோ ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 ஜூல் ஆற்றலை 100 நானோ நொடிக்குள் கொட்டிவிடும். 1 ஜூல் என்பது 1 கிராம் நீரைக் கால் டிகிரி கூடச் சூடாக்காது. ஆனால் அந்த 100 நானோ நொடியில் அதன் திறன் 1 கோடி வாட். தரையின் உமிழ்வைவிட 25 கோடி மடங்குக்கும் மேல்.

சிவப்பு விளக்கு ஏன் ஆபத்தில்லை?

ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் ஃபோட்டோ காகிதமும் அங்கிருந்துதான் நாடெங்கும் போயின. கறுப்பு வெள்ளைப் படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரியும். காகிதத்தில் பூசிய வெள்ளி ப்ரோமைடில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்ப நீல ஒளியின் ஒரே ஒரு ஃபோட்டான் போதும். சிவப்பு ஃபோட்டானுக்கு அந்த வலு கிடையாது. ஒளி வேதியியலில் பல காலம் இதுதான் சட்டம். ஒரு ஃபோட்டான் ஒரு வேலையைச் செய்யும்; வலு போதாவிட்டால் எத்தனை வந்தாலும் பயனில்லை.

10.6 மைக்ரோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 0.117 எலக்ட்ரான் வோல்ட். பச்சை ஒளியோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. சிவப்பாலேயே முடியாதபோது இதனால் என்ன செய்ய முடியும் என்றுதான் 1970 வரை வேதியியலாளர்கள் பலரும் கருதியிருப்பார்கள்.

34 ஃபோட்டான்கள்

மின்வாரிய ஊழியர்களைக் கேட்டால் 'எஸ்.எஃப்.6 பிரேக்கர்' என்பார்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கிய காலத்தில் இந்தப் பிரேக்கர் கிடையாது. இன்று உயர் அழுத்த மின் சுவிட்ச்யார்டுகளில் பரவலாக இருப்பது இதுதான். உள்ளே அடைத்திருக்கும் வாயு சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு. நடுவில் ஒரு கந்தக அணு, சுற்றி ஆறு ஃப்ளோரின். எதோடும் எளிதில் வினைபுரியாத, மணமோ நிறமோ இல்லாத, காற்றைவிட ஐந்து மடங்கு கனமான வாயு. மின்சுற்று பிரியும்போது மூளும் மின்வில்லின் கொடும் வெப்பத்தில் அது சிதறும். ஆறியதும் பெரும்பாலும் பழையபடி கூடிக்கொள்ளும்.

லேசர் வேதியியலின் வரலாறு பெரும்பாலும் இந்த வாயுவின் மேல்தான் எழுதப்பட்டது. அதன் அதிர்வு ஒன்று 10.55 மைக்ரோமீட்டரில் அகச்சிவப்பை ஆவலோடு விழுங்கும். லேசரின் அலைநீளத்துக்கு அப்படியே பொருந்தி வருகிறது. முதல் ஃப்ளோரினைப் பிரிக்க சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 0.117 வீதம் கணக்கிட்டால் 34 ஃபோட்டான்கள். ஒரு மூலக்கூறு, ஒரே துடிப்புக்குள், முப்பதுக்கும் மேற்பட்ட ஃபோட்டான்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கி உடைகிறது. வெப்பத்தால் அல்ல, மோதலால் அல்ல. இதைப் படிக்கும்போது இன்றும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

பாராமதியிலிருந்து ஒரு லேசர்

கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் என். படேல். புனேயில் பொறியியல் படித்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964-இல் இதைச் செய்தார். உலோகத் தகடு வெட்டவும் தோல் சிகிச்சை செய்யவும் இந்த லேசர் பயன்படுகிறது.

படேலின் லேசர் குறைந்த அழுத்த வாயுவில் இயங்கியது. கனடாவின் ஜாக் போலியூ வாயுவை வளிமண்டல அழுத்தத்துக்கே உயர்த்தி, மின்சாரத்தைக் குறுக்காகப் பாய்ச்சி, குறுகிய, வலுவான துடிப்புகளை எடுத்தார். 1970-இல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே மூலக்கூறுகள் உடையத் தொடங்கின.

1971: குவிமையத்தில் ஒரு வெளிச்சம்

கனடாவில் ஐசனர், ரிச்சர்ட்சன் இருவரும் கார்பன் டை ஆக்சைடு லேசர்த் துடிப்பை லென்ஸால் குவித்து வாயுக்களில் செலுத்தினார்கள். குவிமையத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளி தோன்றியது. செலுத்தியது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வந்தது கட்புல ஒளி. மூலக்கூறு உடைந்து, அதன் துண்டுகள் கிளர்ந்த நிலையில் ஒளிர்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. 1973-இல் சிலிக்கான் டெட்ராஃப்ளோரைடை வைத்து இன்னும் விரிவாகக் காட்டினார்கள். மோதல்கள் நடக்க நேரமே இல்லாதபோதும் ஒளி உடனே தோன்றியது. ஆக, வாயு சூடாகி உடையவில்லை. தனித்தனி மூலக்கூறு தானாகவே ஃபோட்டான்களைச் சேர்த்துக்கொண்டு உடைந்திருக்கிறது.

ஏணியின் புதிர்

இங்கேதான் இயற்பியலாளர்களுக்குத் தலைவலி வந்தது. மூலக்கூறின் அதிர்வு ஆற்றல் ஏணிப் படிகளாக ஏறும். படிகள் எல்லாம் ஒரே உயரம் என்றால் ஒரே நிற ஃபோட்டான் எல்லாப் படிக்கும் பொருந்தும், கதை சுலபம். ஆனால் மேலே போகப் போகப் படிகளின் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. முதல் படிக்குக் கச்சிதமாகப் பொருந்திய ஃபோட்டான் மூன்றாவது, நான்காவது படிக்குள் உயரம் மிஞ்சிவிடும். பிறகு எப்படி முப்பது படி ஏற முடிகிறது?

விடை இரண்டு பகுதியாக வந்தது. கீழ்ப் படிகளில் மூலக்கூறு தன் சுழற்சியைக் கூட்டியோ குறைத்தோ அந்தச் சிறு மிச்சத்தை ஈடுகட்டுகிறது; லேசரின் கடும் மின்புலமும் படிகளைக் கொஞ்சம் அகலமாக்குகிறது. ஆகவே மூன்று, நான்கு படி கடந்துவிடலாம். அதற்கு மேலே நிலைமையே வேறு. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடில் ஏழு அணுக்கள், பதினைந்து விதமான அதிர்வுகள். ஆற்றல் கூடக் கூட அவற்றின் கலவைகள் எண்ணில் அடங்காமல் பெருகி, படிக்கும் படிக்கும் இடைவெளியே தெரியாத அளவுக்கு நெருங்கிவிடுகின்றன. எந்த ஃபோட்டான் வந்தாலும் கால் வைக்க ஓர் இடம் இருக்கும். இந்தப் பகுதிக்கு 'போலித் தொடர்ச்சி' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில், 1981-இல், நோபல் பரிசு பெற்ற நிக்கோலாஸ் புளூம்பெர்கன் இந்தப் படத்தை வரைந்தவர்களில் முக்கியமானவர்.

இரண்டே அணு கொண்ட மூலக்கூறில் ஒரே ஒரு அதிர்வுதான் உண்டு. அங்கே அந்தத் தொடர்ச்சி உருவாகாது. பெரிய மூலக்கூறை உடைப்பதைவிடச் சின்ன மூலக்கூறை இந்த முறையில் உடைப்பது கடினம் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

துடிப்பு ஏன் குறுகியிருக்க வேண்டும்?

கடல் மட்டத்தில் காற்றிலுள்ள ஒரு மூலக்கூறு நொடிக்கு சுமார் 700 கோடி முறை மற்ற மூலக்கூறுகளோடு மோதுகிறது. தொட்டபெட்டா உச்சியில், 2,637 மீட்டரில், அழுத்தம் முக்கால் பங்காகக் குறைகிறது. மோதல்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைகின்றன. ஆனாலும் அது பல நூறு கோடிதான். ஒவ்வொரு மோதலிலும், சேர்த்து வைத்த ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்குக் கைமாறிவிடும். அப்படி நடந்தால் லேசர் வெறும் அடுப்பு; எல்லாம் சேர்ந்து சூடாகும், எது பலவீனமோ அது உடையும்.

ஆய்வகத்தில் செய்வது இதுதான்: வாயுவை வளிமண்டல அழுத்தத்தின் 760-இல் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறார்கள். அப்போது ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே ஏறக்குறைய 100 நானோ நொடி கிடைக்கும். லேசர்த் துடிப்பின் முதல் கூர்முனையும் அதே 100 நானோ நொடி. அடுத்தவன் மேல் மோதுவதற்குள் மூலக்கூறு உடைந்து முடிந்திருக்க வேண்டும்.

உப்பு ஜன்னல்

சாதாரணக் கண்ணாடி 10 மைக்ரோமீட்டர் கதிரை விடாது. ஆகவே வாயு அடைத்த குழாயின் இரு முனையிலும் சோடியம் குளோரைடு, அதாவது நாம் சமைக்கும் உப்பின் படிகத்தை மெருகேற்றி ஜன்னலாகப் பொருத்துவார்கள். பொட்டாசியம் குளோரைடும் துத்தநாக செலினைடும் உண்டு. உப்புப் படிகம் பார்க்கக் கண்ணாடி மாதிரியே தெளிவாக இருக்கும். விரல் ஈரம் பட்டால் தடம் விழும், ஈரக்காற்றில் நாளாக ஆக மங்கி, மேற்பரப்பு சொரசொரக்கும். குன்னூர் மாதிரி மூடுபனி தவழும் ஊரில் அதை ஈரம் உறிஞ்சும் மணிகளோடு பெட்டிக்குள் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

பொறுக்கி எடுக்கும் ஒளி

கந்தகத்தில் 95 விழுக்காடு கந்தகம்-32. சுமார் 4 விழுக்காடு, இரண்டு நியூட்ரான் கூடுதலான கந்தகம்-34. ஐசோடோப்புகள் எனப்படும் இந்த இரண்டும் வேதியியலில் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். ஆனால் கனமான அணு கொஞ்சம் மெதுவாக அதிரும். அதனால் கந்தகம்-34 உள்ள சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு 10.55-க்குப் பதில் சுமார் 10.75 மைக்ரோமீட்டரை விழுங்கும். 0.2 மைக்ரோமீட்டர்தான் வித்தியாசம். லேசருக்கு அது போதும்.

1975-இல் மாஸ்கோ அருகே ட்ராய்ட்ஸ்க் நகரிலுள்ள நிறமாலையியல் நிறுவனத்தில் அம்பர்ட்சுமியான், லெட்டோகோவ் குழுவினர் கந்தகம்-32 உள்ள மூலக்கூறுகளை மட்டும் உடைத்துக் காட்டினார்கள். எஞ்சிய வாயுவில் கந்தகம்-34-இன் பங்கு பன்மடங்கு ஏறியிருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமோஸிலும் இதைச் செய்தார்கள். பனிப்போர் நாட்களில் இரு தரப்பும் ஏன் இவ்வளவு வேகம் காட்டின என்பதற்கு யுரேனியம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடு விழுங்குவது 16 மைக்ரோமீட்டர் பக்கம். அதில் ஐசோடோப்புகளுக்கு இடையிலான விலகல் கந்தகத்தில் உள்ளதில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். கந்தகம் காட்டிய தாராளத்தை யுரேனியம் காட்டவில்லை.

நீலகிரிச் சேற்றில் கார்பன்-13

எனக்கு யுரேனியத்தைவிட இந்தக் கதை பிடிக்கும். கார்பனில் 100-க்கு 1.1 பங்கு கார்பன்-13. கதிரியக்கம் கிடையாது, என்றும் அழியாது. நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில், புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவே, பீட் என்னும் கரிய சதுப்புச் சேறு ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் படிந்திருக்கிறது. சோலை மரங்கள் ஒளிச்சேர்க்கையில் கார்பன்-13-ஐ அதிகம் ஒதுக்கும்; வறட்சியைத் தாங்கும் வெப்பமண்டலப் புல்வகைகள் அவ்வளவாக ஒதுக்காது. மட்கிய சேற்றில் கார்பன்-13-இன் விகிதத்தை அளந்தால், அந்த ஆழத்துக்குரிய காலத்தில் அங்கே மரம் ஓங்கியிருந்ததா, புல் ஓங்கியிருந்ததா என்று தெரிந்துவிடும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும், ஆர். ரமேஷ் உள்ளிட்ட அவருடைய சகாக்களும் இதைச் செய்து, 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, சுமார் 20,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன், நீலகிரி வறண்டு புல் ஓங்கியிருந்தது என்று அந்தச் சேறு சொன்னது. பிறகு பருவமழை வலுத்தது. வெள்ளைக்காரர்கள் வந்து காட்டை அழித்ததால்தான் புல்வெளி உண்டானது என்ற எண்ணத்துக்கு இதைவிட உறுதியான மறுப்பு வேண்டியதில்லை.

இந்த அளவீட்டுக்கு லேசர் தேவைப்படவில்லை. கார்பன்-13 தனியாக, செறிவாக வேண்டும் என்றால்தான் லேசர் நினைவுக்கு வருகிறது. வழக்கமான முறையில் கார்பன் மோனாக்சைடை மைனஸ் 191 டிகிரிக்குக் குளிர்வித்து, மிக உயரமான கோபுரங்களில் வடித்துப் பிரிக்கிறார்கள். லேசர் முறையில் மூலப்பொருள் ஆர்-22. பழைய ஏசி மெஷின்களில் அடைத்த அதே வாயு. 9.6 மைக்ரோமீட்டரை ஒட்டி லேசரை இசைத்துத் துடிப்பை அனுப்பினால், கார்பன்-13 உள்ள மூலக்கூறுகளே பெரிதும் உடையும். இதற்குச் சுமார் 20 ஃபோட்டான்கள் போதும். ஹைட்ரஜன் குளோரைடு கழன்று போக, மிஞ்சும் துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டெட்ராஃப்ளோரோஎத்திலீன் ஆகின்றன. நான்ஸ்டிக் தோசைக்கல்லின் டெஃப்லான் பூச்சுக்கு மூலம் இதுதான். ஆர்-22-இன் கொதிநிலை மைனஸ் 41, இதன் கொதிநிலை மைனஸ் 76. பிரித்தெடுக்கச் சிரமமே இல்லை. மும்பை ட்ராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும், இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையமும் இந்த வழியில் ஆய்வு செய்திருக்கின்றன.

அந்தக் கார்பன்-13 எங்கே போகிறது? வயிற்றுப்புண் நோயாளியிடம் கார்பன்-13 கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். வயிற்றில் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும். சற்று நேரத்தில் மூச்சில் கார்பன்-13 டை ஆக்சைடு வரும். ஒரு பையில் ஊதினால் போதும், எண்டோஸ்கோப் குழாயை விழுங்க வேண்டாம். கதிரியக்கம் இல்லாததால் குழந்தைக்கும் கொடுக்கலாம். ஊதிய மூச்சைப் பரிசோதிக்கும் கருவிகளில் பலவும் அகச்சிவப்பில்தான் இயங்குகின்றன.

கைகூடாத ஒரு கனவு

மூலக்கூறைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. மூலக்கூறுக்குள் ஒரு பிணைப்பைத் தேர்ந்தெடுக்க முடியுமா? 1970-களில் பலர் அப்படிக் கனவு கண்டார்கள். எந்தப் பிணைப்பை வேண்டுமோ அதன் அதிர்வெண்ணில் லேசரை வைத்து, அதை மட்டும் அறுத்துவிடலாம் என்று. ட்ரைஃப்ளோரோஅயோடோமீத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன்–ஃப்ளோரின் அதிர்வைத்தான் லேசர் தூண்டுகிறது. ஆனால் அறுபடுவது கார்பன்–அயோடின். ஒரு பிணைப்பில் ஊட்டிய ஆற்றல் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூலக்கூறு முழுவதும் பரவிவிடுகிறது. பிறகு நலிந்தது அறுகிறது. பெர்க்லியில் யுவான் லீ, மூலக்கூறுகளை வெற்றிடத்தில் கற்றையாகப் பாய்ச்சி, லேசரால் உடைத்து, துண்டுகள் பறக்கும் வேகத்தை அளந்து இதை நிலைநாட்டினார். லீக்கு 1986-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கனவு கைகூடாவிட்டாலும், மூலக்கூறுக்குள் ஆற்றல் எப்படி ஓடுகிறது என்ற அறிவு அதிலிருந்துதான் வந்தது. அந்த அறிவு ஐசோடோப்பைப் பிரித்ததைவிடப் பெரிய பேறு என்பது என் கணிப்பு.

படிக்கேற்ற துடிப்பு

முன்பு சொன்ன அதிர்வு ஏணியில் படி நெருங்க நெருங்க ஃபோட்டானையும் சிறிதாக்கினால்? 2003-இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் அதைச் செய்தார்கள். ஃபெம்டோ நொடி அளவுள்ள அகச்சிவப்புத் துடிப்பை, தொடக்கத்தில் உயர்ந்த அதிர்வெண், முடிவில் தாழ்ந்த அதிர்வெண் என்று வடிவமைத்து, குரோமியம் ஹெக்ஸாகார்போனைல் மூலக்கூறின் மேல் விட்டார்கள். வடிவமைக்காத துடிப்பைவிட இதில் மூலக்கூறு நன்றாக உடைந்தது.

ஒரே நிறுவனம், கொலாபாவும் ஊட்டியும்

ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துடையது. அதே நிறுவனத்தின் மும்பை கொலாபா ஆய்வகத்தில் தீபக் மாத்தூர் முதலியோர் 800 நானோமீட்டர் லேசரின் அதிகுறுந்துடிப்புகளால் மூலக்கூறுகளை வேறு விதமாக உடைத்தார்கள். இங்கே படிப்படியாக ஏறும் பேச்சே இல்லை. லேசரின் மின்புலம் எலக்ட்ரான்களைப் பிடுங்கி எறிந்துவிடும். மிஞ்சிய நேர்மின் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறும்.

ஊட்டியிலுள்ள அந்நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 அண்டக்கதிர் ஆய்வகம் 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகத்தின் மின்னழுத்தத்தை 130 கோடி வோல்ட் என்று கணித்தது. மேகத்தைக் கடந்து வந்த மியூவான் என்னும் அண்டக்கதிர்த் துகள்கள் 18 நிமிடம் சுமார் 2 விழுக்காடு குறைந்ததை வைத்துப் போட்ட கணக்கு அது, 2019-இல் வெளியானது. இத்தகைய மேகத்திலிருந்து பாயும் மின்னல், லேசர் இல்லாமலேயே, 9.8 எலக்ட்ரான் வோல்ட் பிணைப்புள்ள நைட்ரஜனையே பிளந்து, நைட்ரேட்டாக மழையில் இறக்கும்.

கல்பாக்கத்தின் கனநீரில்

கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-இல் தொடர்வினையை எட்டியது. அது கனநீரில் ஓடும் உலை. கனநீரிலுள்ள டியூட்டீரியம் ஒரு நியூட்ரானை விழுங்கினால் டிரிட்டியம் ஆகும். கதிரியக்கம் கொண்டது, அரை ஆயுள் 12.3 ஆண்டு. உலை ஓட ஓட அது சேர்ந்துகொண்டே போகும். ஆனாலும் அளவு மிகமிகக் குறைவு, பத்து லட்சத்தில் ஒருசில பங்கு. அந்த டிரிட்டியத்தை ஃப்ளோரோஃபார்ம் போன்ற மூலக்கூறுக்கு மாற்றி, 9 மைக்ரோமீட்டரை ஒட்டிய துடிப்பால் டிரிட்டியம் உள்ளதை மட்டும் உடைத்து எடுக்க முடியுமா என்று ஜப்பானிலும் ட்ராம்பேயிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். டியூட்டீரியம் உள்ள மூலக்கூறு அந்த அலைநீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பத்து லட்சத்தில் ஒன்றைத் தேடும்போது மீதி அத்தனையையும் சூடாக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வழியின் பலம். ஒரு முறை பயன்படுத்திய ஃப்ளோரோஃபார்மையே கனநீரோடு மறுபடி வினைப்படுத்தி, அடுத்த சுற்று டிரிட்டியத்தை ஏற்றிக்கொள்ளவும் செய்யலாம்.